சும்மா இருந்தால் கட் ஆகும்

போன ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். எங்கள் வீட்டு இன்டர்நெட்டை இனிமேல் ஒரு நிமிஷம்கூடத் தூங்க விடுவதில்லை.

இதில் என்ன மாபெரும் என்பீர்கள். எங்கள் வீட்டு நெட்டை உங்களுக்குத் தெரியாது. உபயோகித்துக்கொண்டே இருந்தால் குதிரை மாதிரி ஓடும். பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் செத்துவிடும். டிவிக்கு மேலே இருக்கும் பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பாகும். சுவிட்சை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட்டு, அது கண் திறக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பிரசவ வார்டு வாசலில் நிற்பது போல. கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் பிரசவ வார்டு வாசலில் நான் ஒரு தடவைதான் நின்றிருக்கிறேன். இந்தப் பெட்டி வந்த எட்டு மாதத்தில் இருநூறு தடவை நின்றுவிட்டேன்.

என் பெயர் சம்பத். கல்பாக்கத்தில் ஒரு ஆராய்ச்சி அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவு. விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்வார்கள். நான் அவர்களுக்கு ஸ்குரூ எடுத்துக் கொடுப்பேன். வீடு பக்கத்திலேயே, புதுப்பட்டினத்தில். மகள் ஸ்வாதி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் நானும் என் மனைவி ஞானம்பாளும்தான். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் ஒரு சங்கடம் உண்டு. யார் சும்மா இருக்கிறார் என்பது உடனே தெரிந்துவிடும்.

அன்று காலையே நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், உங்க லைன் ஐடிலா இருந்தா கட் ஆகும் சார்," என்றது ஒரு பெண் குரல்.

ஞானம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இட்லியா? நெட்டுக்கும் இட்லிக்கும் என்னங்க?"

"இட்லி இல்ல. ஐடில். சும்மா இருக்கறது."

"சும்மா இருந்தா கட் பண்ணிடுவாங்களா?"

"ஆமா."

"நல்ல கம்பெனி. உங்களுக்கு அங்க வேலை கிடைச்சிருக்கக் கூடாதா?"

கம்பெனிப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு ரகசியம் இருந்தது. உங்களிடம் சொல்வதில் இனி நஷ்டமில்லை.

எங்கள் அலுவலகம் வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு புதுக் கிளை திறக்கிறது. ஸ்டோர்ஸுக்கு ஒரு ஆள் வேண்டும். இரண்டு வருஷம். குடும்பத்தோடு தங்க வசதி இல்லை, தனியாள் மட்டும். சுற்றறிக்கையில் அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். தனியாள் மட்டும். ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியில் நான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை "என்னங்க, இருக்கீங்களா?" என்று சமையலறையிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள். "இருக்கேன்" என்று சொன்னதும், "இருந்தா இந்தத் தேங்காயைத் துருவுங்க" என்றும் சொல்ல மாட்டார்கள்.

ஞானத்திடம் சொல்லாமல் விண்ணப்பித்தேன். நேர்காணல் வீடியோவில். அலுவலகத்தில் உட்கார்ந்து பேசினால் சாயங்காலத்துக்குள் புதுப்பட்டினம் முழுக்கத் தெரிந்துவிடும். வியாழக்கிழமை லீவ் போட்டு வீட்டிலிருந்தே பேசுவதாக ஏற்பாடு. அன்றைக்கு ஞானம் வடகம் பிழிய மதுராந்தகத்தில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள். எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. "காலை பத்து முதல் ஒரு மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் அழைப்போம், தயாராகக் காத்திருக்கவும்" என்று கடிதம் சொன்னது. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது. சும்மா இருந்தால் எங்கள் நெட் கட்.

போன் நெட்டில் பேசலாமே என்பீர்கள். வீட்டுக்குள் வரும் போன்கூட இந்த நெட் வழியாகத்தான். எங்கள் தெருவில் போன் சிக்னல் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். அதுவும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றால். அந்தக் கோலத்தில் எந்தக் குழுவும் யாரையும் தேர்ந்தெடுக்காது.

முதல் திட்டத்தை நானே போட்டேன். பழைய போன் ஒன்று இருந்தது. அதில் பத்து மணி நேரம் ஓடும் ஒரு கடல் அலை வீடியோவை ஓடவிட்டு, பீரோவில் புடவைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். வீடியோ ஓடும் வரை லைன் தூங்காது. எங்கள் வீட்டிலிருந்து நிஜக் கடல் பத்து நிமிஷ நடை. அதற்கு நெட் தேவையில்லை என்பதுதான் அதன் குறை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஞானம் வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னங்க, பீரோவுல அலை அடிக்குது."

"காத்தா இருக்கும்."

"காக்கா கூட கத்துது."

"அது கடல் காக்கா."

"என் பட்டுப்புடவைக்குள்ள எதுக்குங்க கடல் காக்கா?"

சொல்லித்தான் ஆகவேண்டும். நெட் தூங்காமல் இருக்க வைத்தேன் என்றேன்.

"ஏன் தூங்கக் கூடாது?"

"வியாழக்கிழமை ஒரு மீட்டிங் இருக்கு."

"வியாழக்கிழமை லீவுன்னு சொன்னீங்களே?"

"லீவுலதான் மீட்டிங்."

"ஓ," என்றாள் ஞானம்.

அந்த 'ஓ'வை நான் சற்று நின்று கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. பீரோவை மூடிவிட்டுப் போனாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு. பழைய போனில் வீடியோ நின்றிருந்தது. 'நீங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?' என்று திரை கேட்டது. பதில் சொல்லப் பீரோவில் ஆள் இல்லை.

அடுத்த வீட்டுத் தாவீதிடம் போனேன். எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். எங்கள் தெருவில் எது ஓடவில்லை என்றாலும் தாவீதுதான். வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"லைன் தூங்குது தாவீது."

"தூங்கறவன இன்னா பண்ணுவோம்? தட்டிகினே இருப்போம். அத்தான் விஷயம். அரை நிமிசத்துக்கு ஒருவாட்டி 'கீறியா?'ன்னு கேக்கணும். அது 'கீறேன்'னு சொல்லணும். கேக்காம வுட்டா பூடும்."

"இவ்வளவுதானா? எங்க வீட்ல இது இருபத்து நாலு வருஷமா நடக்குது."

"அது வேற லைனு அண்ணாத்த. அது கட்டே ஆவாது."

"பெட்டியில ஏதாவது செட்டிங் இருக்குமே?"

"கீது. ஒரு டிக்கு அடிச்சா முடிஞ்சுது. ஆனா பாஸ்வேர்டு கம்பெனிக்காரன் கையில கீது. கேட்டா 'நாளைக்கி ஆள் வருவாரு'ன்னுவான். அந்த நாளைக்கி என்னிக்கி வருமோ."

"நானே லேப்டாப்ல எதையாவது தட்டிக்கிட்டே இருந்தா?"

தாவீது ஸ்பேனரைக் கீழே வைத்தார். "வாணாம். போன மாசம் ஆபீசு மீட்டிங்ல எதையோ அமுக்கி, மானேஜரையே வெளிய தள்ளிட்டேன்னு நீதான சொன்ன? ஒண்ணு பண்ணு. வீடியோ கால் போட்டு அப்டியே வுட்டுடு. பேசவே வாணாம். லைனு முழிச்சிகினே இருக்கும்."

"மூணு மணி நேரம் யாரு லைன்ல இருப்பா?"

"நான் இருக்கேனே," என்றது ஒரு குரல்.

திரும்பினேன். எங்கள் வீட்டு வாசலில் ஞானம். கையில் முறம். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"மதுராந்தகத்துல வடகம் பிழிஞ்சுட்டு சும்மாதானே உட்காந்திருப்பேன்? அக்கா வீட்ல நெட் நல்லா வரும். நீங்க கால் போடுங்க. நான் போனைப் பக்கத்துல சாச்சு வெச்சிடறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"நெஜமாவா?"

"நீங்க மீட்டிங்னு சொல்றீங்க. உதவி பண்ணாம இருப்பேனா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பேர்ப்பட்டவளை விட்டுவிட்டா ஓடப் பார்க்கிறோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அடுத்த நிமிஷம் அவள் முறத்தைக் கொடுத்து, அரிசியில் கல் பொறுக்கச் சொன்னாள். முடிவு மறுபடி உறுதியானது.

வியாழக்கிழமை. ஏழு மணி பஸ்ஸில் ஞானம் கிளம்பினாள். கருங்குழி தாண்டும்போது ஒரு தடவை போன் செய்து, கேஸை மூடினேனா என்று கேட்டாள். ஒன்பதரைக்கு அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் வீடியோ கால் போட்டேன். அவள் முகம் ஒரு நொடி தெரிந்தது. சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் முட்டாள் இல்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து நெட் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். இனி அவளால் என்னைப் பார்க்க முடியாது. சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். இனி அவள் வீட்டுச் சத்தம் எனக்குக் கேட்காது. எனக்கு அவள் பேசுவது கேட்கவில்லை என்றால் அவளுக்கும் நான் பேசுவது கேட்காது என்று நினைத்தேன். இருபத்தைந்து வருஷ உத்தியோகம், இரண்டு பதவி உயர்வு. இருந்தும் அப்படித்தான் நினைத்தேன்.

பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. பதினொன்றே காலுக்கு லேப்டாப்பில் அழைப்பு வந்தது. திரையில் மூன்று பேர். நடுவில் தலைவர், ஷபானா மேடம். கண்டிப்பானவர் என்று கேள்வி. இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள், பேசாமல் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்டோர்ஸ் கேள்விகள் ஐந்து நிமிஷத்தில் முடிந்தன. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் சம்பத், அங்கே கேன்டீன் கிடையாது. பனி பெஞ்சா கடையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் சத்தியமாகத் தெரியாது.

"மேடம், எங்க வீட்ல சமையலே நான்தான்."

"தினமுமா?"

"மூணு வேளையும் மேடம். வத்தக்குழம்புன்னா சொந்தக்காரங்க எல்லாம் தேடி வருவாங்க."

"துணி துவைக்கறது?"

"நான்தான்."

"பாத்திரம்?"

"அதுவும் நான்தான். அடுத்தவங்க கழுவினா எனக்குத் திருப்தியா இருக்காது."

வலதுபக்க அதிகாரி எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. பொய்யின் ருசி அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

"அப்ப உங்க மனைவி?"

"அவங்களுக்கு உடம்பு முடியாது மேடம். பெரும்பாலும் படுத்தேதான் இருப்பாங்க."

"நீங்க ரெண்டு வருஷம் போறதுக்கு அவங்க சம்மதிச்சாங்களா?"

"அவங்கதான் போய்ட்டு வாங்கன்னு சொன்னாங்க. தாராள மனசு மேடம்."

"ரொம்ப சந்தோஷம். விதிமுறைப்படி அவங்ககிட்டயும் போன்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறோம். படிவத்துல நம்பர் இருக்கு. ரெண்டு, மூணு வாரம் ஆகலாம்."

திரை மறைந்தது. நான் நாற்காலியோடு ஒட்டிப் போனேன். மனைவி நம்பர் என்று கேட்ட கட்டத்தில் மனைவி நம்பரையே எழுதித் தொலைத்திருந்தேன்.

மெல்லப் போனை எடுத்துத் திருப்பினேன். திரையில் மதுராந்தகத்து மின்விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை. போனை மேஜையில் போட்டுவிட்டு எல்லோரும் மாடிக்கு வடகத்தைக் காவல் காக்கப் போயிருக்கிறார்கள் போலும். அப்பாடா என்று அழைப்பைத் துண்டித்தேன். மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பக்குவமாக ஒரு கதை சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் கார் நின்றது. ஞானம் இறங்கினாள். பின்னாலேயே அவள் அக்கா. அவளுக்குப் பின்னால் என் சகலை ராமானுஜம். நெல் வியாபாரி. அதிகம் பேசாதவர்.

"என்ன திடீர்னு?" என்றேன்.

"வத்தக்குழம்பு சாப்பிடலாம்னு வந்தோம்," என்றார் சகலை.

"ஞானம் இப்பதானே வந்திருக்கா. களைப்பா..."

"அவ எதுக்கு? சொந்தக்காரங்க எல்லாம் தேடி வருவாங்களாமே."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சமையலறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

"சகலை, பாத்திரத்துக்கு என்ன சோப்பு போடறீங்க?" உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்.

ஞானம் திட்டவில்லை. அழவில்லை. கட்டிலில் போய்ப் படுத்தாள். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஞானம், நான் விளக்கமா சொல்றேன்..."

"வேணாங்க. எல்லாம் கேட்டேன். ரொம்ப நல்லாப் பேசினீங்க. அக்காவுக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அந்த மேடம் உனக்குப் போன் பண்ணுவாங்க."

"பண்ணட்டும்."

"நீ... என்ன சொல்லுவ?"

"என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும். எனக்குப் பொய் வராது. நடக்கறதைத்தான் சொல்லுவேன்." புரண்டு படுத்தாள். "அதனால, போன் வர்றதுக்குள்ள நீங்க சொன்னதெல்லாம் நடந்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யோசித்துப் பார்த்தேன். ஓட்டை எங்கே என்று தேடினேன். ஓட்டையே இல்லை.

அன்று வத்தக்குழம்பு வைத்தேன். ஞானம் படுக்கையிலிருந்தே சொல்லச் சொல்ல வைத்தேன். சகலை முதல் வாய் சாப்பிட்டுவிட்டு நெடுநேரம் சுவரைப் பார்த்தார். பிறகு மோர் கேட்டார்.

மறுநாளிலிருந்து பதினாறு நாள். காலை நாலரைக்கு எழுந்தேன். மாவு அரைத்தேன். கடுகு எந்த நிமிஷத்தில் வெடிக்கும், பால் எந்த நிமிஷத்தில் துரோகம் செய்யும் என்பதெல்லாம் கற்றேன். அலுவலகத்துக்கு என் கையாலேயே கட்டிய டிபன் கொண்டுபோனேன். சாயங்காலம் வந்து துணி துவைத்தேன். உப்புக் காற்றில் துணி காயாத ஊரில் துணி துவைப்பவனின் துக்கம் என்ன என்று எனக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு பாத்திரத்தையும் கழுவும்போது அந்த நாற்காலியை நினைத்துக்கொள்வேன். மலையடிவாரம். ஒரே நாற்காலி. அதில் நான்.

ஞானம் படுத்திருந்தாள். கையில் போன். காலையில் சீரியல், மத்தியானம் அக்காவோடு வீடியோ கால், சாயங்காலம் ஸ்வாதியோடு அரட்டை, நடுநடுவே யாரோ கேக் செய்வதை ஆர்வமாகப் பார்ப்பாள். செய்வதற்கு இல்லை, என்னிடம் சொல்வதற்கு.

இதில் ஒரு நன்மையும் இருந்தது. அந்தப் பதினாறு நாளில் எங்கள் வீட்டு நெட் ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. தாவீது வந்து பார்த்துவிட்டு, "சூப்பர் அண்ணாத்த, அண்ணி பொறுப்பா பாத்துகினு கீறாங்க," என்று பாராட்டினார். நான் அப்போது அவருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு ஞானத்தின் போன் அடித்தது. மேடம்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்ப்பவர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓட வேண்டிய அவசியம் இல்லாமல், நெட் வழியாகவே அழைப்பு வந்தது. ஞானம் ஸ்பீக்கரில் போட்டாள். நான் கரண்டியோடு நின்றேன்.

"வணக்கம் மேடம். ஆமா, நான்தான் பேசறேன். படுத்துதான் இருக்கேன் மேடம். சமையலா? எல்லாம் அவர்தான். மூணு வேளையும். துணி, பாத்திரம், வீடு பெருக்கறது எல்லாமே. காபி கூட அவர்தான் படுக்கைக்குக் கொண்டு வந்து தருவார். நான் எதுக்கும் எழுந்திருக்கறது இல்ல மேடம்."

உண்மை. வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

"அவரை அனுப்பறதுக்குச் சம்மதமாம்மா?" என்றார் மேடம். குரல் ஏனோ தழுதழுத்தது.

"தாராளமா அனுப்பறேன் மேடம். எனக்கு ஒண்ணும் இல்ல. எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

அந்த 'தாராளமா' எனக்கு ஒரு ஓரத்தில் வலித்தது. ஆனால் சந்தோஷம் பெரிது. ஞானம் போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியம், ரவையை எடுத்து வறுத்ததுதான். என் கையாலேயே கேசரி கிண்டி, முந்திரி போட்டு, அவளுக்கு முதல் கிண்ணம் கொடுத்தேன். அவளும் குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

நாலாம் நாள் கடிதம் வந்தது. அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன்.

"தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. உடல்நலம் குன்றி எழ இயலாத நிலையில் உள்ள மனைவியையும், இல்லத்தின் அனைத்துப் பணிகளையும் தாங்கள் ஒருவரே அர்ப்பணிப்புடன் கவனித்து வருவதைத் தங்கள் துணைவியார் தொலைபேசியில் உறுதி செய்துள்ளார். தம் சிரமத்தைப் பாராமல் தங்களை அனுப்ப அவர் முன்வந்தது இக்குழுவை நெகிழச் செய்தது. இத்தகைய குடும்பத்தைப் பிரிப்பது முறையல்ல என்று குழு கருதுகிறது. ஓய்வு பெறும்வரை தங்களை வேறு எங்கும் இடமாற்றம் செய்ய வேண்டாம் என்றும் சிறப்புப் பரிந்துரை செய்யப்பட்டுள்ளது. தங்கள் சேவை தொடர வாழ்த்துகள்."

கடிதத்தை ஞானத்திடம் நீட்டினேன். படுத்தபடியே படித்தாள். மடித்தாள். தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்தாள்.

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலைங்க."

"இல்ல."

"வேற யாரை எடுத்திருக்காங்க?"

"எங்க பிரிவுல சுப்புராமன்னு ஒருத்தர்."

"அவருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாதாம். அப்படியே சொல்லிட்டாராம். அதனால கூடவே ஒரு சமையல்காரரை அனுப்பறாங்களாம்."

ஞானம் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்குக் காலைல வெண்பொங்கலா பண்ணிடுங்க," என்றாள். "அக்கா பத்து நாள் தங்கற மாதிரி வர்றா."